தனியாவர்த்தனம் முடிய முன்னமே கைதட்டலாமா?

சுருதிப்பெட்டி:
"கச்சேரியில் கைதட்டுவது நாகரிகம் தெரியாதவர் வேலை, தலையாட்டினால் போதும்" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தில் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்த முழுப் பேருமே நாகரிகம் தெரியாதவர்களா?

பின்வரிசை:
எழுதியது நான்தான். முழுதாய் வாசியுங்கள். பாட்டு நின்று மிருதங்கம் தனியே வாசிக்கிற தனியாவர்த்தனத்தின் முடிவில், கோர்வையை, அதாவது முத்தாய்ப்பான தாளக் கோவையை, மூன்று தரம் வாசிப்பார்கள். நம்மவர்கள் முதல் தரத்திலேயே படபடவென்று தட்டத் தொடங்கிவிடுகிறார்கள், மூன்றாவது முடிந்தும் நிறுத்துவதில்லை. தனிக்கு முன் விட்ட வரியைப் பாடகி திரும்ப எடுக்கிற இடம் யாருக்குக் கேட்டது? போன கிழமை முன்வரிசையில் இருந்து பார்த்தேன். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. எடுப்பு, அதாவது வரி தொடங்கும் இடம், தாளத்தில் அரை இடம் தள்ளி; சனம் தட்டியது சமத்தில், தாளம் தொடங்கும் இடத்தில்!

சுருதிப்பெட்டி:
பெயர் பின்வரிசை, இருப்பது முன்வரிசை. நல்லது. வெள்ளைக்காரன் சிம்பொனியில் ஒரு பகுதிக்கும் அடுத்ததுக்கும் நடுவில் தட்டாமல் இருப்பான். அதையா இங்கே கொண்டுவரப் பார்க்கிறீர்கள்? மிருதங்கக்காரர் வியர்வை துடைக்க, நாங்கள் கைகட்டி இருப்பதா?

அளவெட்டியான்:
தெட்சணாமூர்த்தியின் தவிலும் பத்மநாதனின் நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்த ஊர் எங்கள் அளவெட்டி. எங்களுக்குக் கைதட்டப் படிப்பிக்க வேண்டாம்.

இணுவில் பொடியன்:
அண்ணை, தெட்சணாமூர்த்தி பிறந்தது இணுவில். 1933.

அளவெட்டியான்:
பிறந்தது சரி. வாழ்ந்தது?

பின்வரிசை:
தவிலை ஏன் இழுக்கிறீர்கள்? கோயில் வீதியில் விடியவிடிய நின்று கேட்கிறவன் "ஆகா" என்பான், தொடையில் தாளம் போடுவான். அது வேறு. நான் கதைப்பது மண்டபத்தை. கோர்வை மூன்று தரம் வரும். மூன்று! முதலாவதில் தட்டுகிறவருக்கு அது கோர்வை என்றே தெரியாது, பக்கத்துக் கதிரைக்காரர் தட்டுகிறார் என்று தட்டுகிறார்.

சுருதிப்பெட்டி:
உங்கள் மகளின் அரங்கேற்றத்தில் அலாரிப்பு முடிய முன்னமே முதல் தட்டுத் தட்டியது யார் ஐயா? வீடியோ எங்கள் வீட்டில் இருக்கிறது.

பின்வரிசை:
அது நடனம். கோர்வைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? அந்த வீடியோவை இன்னும் திருப்பித் தரவில்லை என்பதையும் எல்லாருக்கும் சொல்லுங்கள். மூன்று தரம் என்று நாலாவது தரம் எழுதுகிறேன்.

இணுவில் பொடியன்:
அதற்குத் தட்டலாமா ஐயா?

பின்வரிசை:
தம்பி, முதலில் ஆதி தாளத்தைப் பிசகாமல் போட்டுக் காட்டும். பிறகு கதைப்போம்.

அளவெட்டியான்:
வாழ்ந்தது எங்கே என்று கேட்டேன்.