டிக்கியில் சப்வூஃபர்: வெளியே அதிருது, ஓட்டும் சீட்டில் பேஸ் இல்லை

வைகைக்கரை:
அண்ணன்மார்களே, போன மாசம் என் ஹேட்ச்பேக்கில் 12 இன்ச் சப்வூஃபர் (பேஸ் எனும் அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர்) போட்டேன். பெட்டி டிக்கியில், பின்சீட்டை ஒட்டி, கோன் (ஸ்பீக்கரின் அதிரும் கூம்பு) சீட்டைப் பார்த்தபடி இருக்கிறது. லோ பாஸை, அதாவது சப் எந்த அலைவரிசை வரை பாடணும் என்ற அளவை, 120 ஹெர்ட்ஸில் வைத்துக் கொடுத்தார்கள். வாசலில் நிறுத்திப் பாட்டுப் போட்டால் மாடியில் அம்மாவுக்குக் கேட்கிறது. ஆனால் ஓட்டும் சீட்டில் உட்கார்ந்தால் பேஸ் கிட்டாரில் சில ஸ்வரங்கள் காணாமல் போகின்றன. பின்சீட்டில் மகள் காதைப் பொத்திக்கொள்கிறாள். கடையில், “சத்தம் முன்னால் வரணும்னா முன்சீட்டுக்கு அடியில் இன்னொன்று போடணும்” என்கிறார்கள். உண்மையிலேயே தேவையா?

பட்டறைக்காரன்:
தம்பி, இப்போதைக்குக் காசை எடுக்காதீர்கள். 14 வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன், இதே குறையோடு வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் பெட்டியைத் திருப்பினாலே சரியாகிவிடும்.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 40 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் எட்டரை மீட்டர். உங்கள் வண்டியே நாலு மீட்டர்தான். இரண்டு காதுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அவ்வளவு பெரிய அலை இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒன்றாகவே விழுவதால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடிபடாது. கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் அப்படியில்லை. 5000 ஹெர்ட்ஸில் அலை 7 சென்டிமீட்டர்தான், தலையே அதை மறைத்துவிடும். அதனால்தான் ட்வீட்டரை முன்னால் வைக்கிறோம், சப்பை டிக்கியில் போடுகிறோம்.

திசை தெரியாது என்றால் எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு. கோனிலிருந்து கிளம்பும் பேஸ் பின்னாலும் சுற்றிப் போகும். டிக்கிக் கதவு 80 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், போய்த் திரும்பும் அலை 1.6 மீட்டர் கூடுதலாக நடக்கிறது. அது 107 ஹெர்ட்ஸுக்குச் சரியாக அரை அலை. நேராக வருவது தள்ளும்போது திரும்பி வருவது இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். உங்கள் சப் 120 வரை பாடுகிறது, அதனால் அங்கே சத்தம் குறையும் பள்ளம் நன்றாகவே கேட்கும்.

கோனைக் கதவுப் பக்கம் திருப்பி, 25 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வையுங்கள். பள்ளம் 340-க்கு மேலே ஏறிவிடும், சப் அங்கே பாடுவதே இல்லை. லோ பாஸை 80-க்கு இறக்குங்கள். அப்புறம் சப் வயரில் பிளஸ் மைனஸை மாற்றிப் போட்டு, ஓட்டும் சீட்டிலிருந்தே கேளுங்கள். எந்தப் பக்கம் போட்டால் டோர் ஸ்பீக்கரோடு சேர்ந்து பேஸ் கனமாக வருகிறதோ அதுதான் சரி. மகள் வண்டியில் இருந்தால் கெயினை (சப்புக்குப் போகும் சத்த அளவை) குறைத்தே ஆகணும் தம்பி, சின்னக் காது.

செடான்காரி:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம் ஒட்டுங்கள். என் வண்டியில் பேஸ் பின்னாலிருந்து வருகிற மாதிரியே இருந்தது. பார்த்தால் காதுக்குக் கேட்டது பிளேட் தகரத்தின் கடகட. அது மேல் அலைவரிசை, காது உடனே இடத்தைக் கண்டுபிடித்துவிடும். ஒட்டின அன்றே பேஸ் டேஷ்போர்டுக்கு வந்துவிட்டது.

வைகைக்கரை:
ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் செய்தேன். காணாமல் போன ஸ்வரங்கள் வந்துவிட்டன! வயரை மாற்றிப் போட்டதில்தான் பெரிய வித்தியாசம். மகளும் பேசாமல் தூங்கிவிட்டாள். ஒரே ஒரு குறை: 50 ஹெர்ட்ஸ் பக்கம் பேஸ் கொஞ்சம் வீங்குகிறது, கண்ணாடியை இறக்கினால் சரியாகிவிடுகிறது.

பட்டறைக்காரன்:
அது வண்டியின் குணம். உள்ளே நீளம் இரண்டரை மீட்டர் என்றால், சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே அரை அலைகூட உள்ளே அடங்காது. கோன் அடைத்த காற்றை மொத்தமாக அமுக்கி விடுகிறது, அதனால் கீழே போகப் போக அழுத்தம் ஏறும். கண்ணாடியை இறக்கினால் அது கசிந்துவிடும். செட்டில் ஈக்வலைசர் இருந்தால் 50-இல் 3 டெசிபல் குறைத்து ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். கெயினை மட்டும் தொடாதீர்கள்.