1959 பீட்டில், 36 குதிரைத்திறன் எஞ்சின்: ஜட்சன் சூப்பர்சார்ஜர் பொருத்துவது தகுமா?

கேள்வி: வண்டுக்காரன், நியூ ஜெர்சி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1959ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஒன்று இருக்கிறது. வண்டியோடு வந்த 1192 சி.சி. எஞ்சினே இன்னும் அதில் இருக்கிறது. அண்மையில்தான் அதை முழுவதும் பிரித்து, பிஸ்டன், சிலிண்டர், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டுப் பூட்டினேன். அந்தக் காலத்தில் பென்சில்வேனியாவின் கான்ஷோஹாக்கனில் இருந்த ஜட்சன் நிறுவனம் இந்த எஞ்சினுக்கென்றே செய்து விற்ற சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி), பழைய உதிரிபாகச் சந்தை ஒன்றில் எனக்குக் கிடைத்திருக்கிறது. பெல்ட், புல்லி, குழாய்கள் எல்லாம் உள்ளன. எண்ணெய்ப் புட்டி மட்டும் இல்லை.

சமவெளியில் வண்டியின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. டெலவேர் வாட்டர் கேப்பைக் கடந்து போகோனோ மலைகளை நோக்கி 80ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறும்போதுதான், பின்னால் வரும் சரக்கு லாரிகளுக்கெல்லாம் வழிவிட்டு ஓரமாக ஊர்ந்து செல்ல வேண்டியிருக்கிறது. இந்த எஞ்சின் கூடுதல் அழுத்தத்தைத் தாங்குமா, தாங்கும் என்றால் எவற்றை மாற்ற வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். வெளித்தோற்றம் அக்காலத்துக்கு உரியதாகவே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பதில்: விசிறிக்கூடு

வணக்கம். தாங்குமா என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூறினால், தாங்கும். ஆனால் நீங்கள் எந்த மலையை மனத்தில் வைத்து இதைப் பொருத்த நினைக்கிறீர்களோ, அந்த மலையில்தான் இதற்குச் சோதனையும் இருக்கிறது.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் எஞ்சினின் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற அளவு, 6.6:1 மட்டுமே. அக்காலத்துத் தரம் குறைந்த பெட்ரோலுக்காக அப்படி வைத்தார்கள். கூடுதல் அழுத்தத்துக்கு இடம் விடுவதால், இன்று நமக்கு அது வரமாக அமைந்துவிட்டது. போர்ஷே நிறுவனம் 1975இல் 260 குதிரைத்திறன் கொண்ட 930 டர்போவை வெளியிட்டபோது, உங்கள் எஞ்சினைப் போலவே காற்றால் குளிரும் அந்த 3 லிட்டர் எஞ்சினுக்கு 6.5:1 என்ற விகிதத்தைத்தான் வைத்தது. அதற்கும் முன்பே, 1962இல், ஷெவ்ரலே தன் கார்வேர் மான்சா ஸ்பைடரில் டர்போ வைத்து 150 குதிரைத்திறன் எடுத்தது. அமுக்க விகிதத்தை 8:1 ஆகக் குறைத்ததோடு நில்லாமல், சிலிண்டர் ஹெட்டின் வெப்பத்தைக் காட்டும் மீட்டர் ஒன்றையும் ஓட்டுநரின் முன்னால் பொருத்தியது. அந்த மீட்டர் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டதன்று.

ஜட்சன் அதிக அளவாக ஏறத்தாழ 6 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு) கூடுதல் அழுத்தம் தரும். உள்ளே செல்லும் காற்றின் அழுத்தம் இதனால் நூற்றுக்கு நாற்பது கூடுகிறது என்றாலும், காற்றின் எடை அந்த அளவுக்குக் கூடுவதில்லை. 30 பாகை செல்சியஸில் நுழையும் காற்றை இவ்வளவு அமுக்கினால், ஜட்சனைப் போல் சுழலும் தகடுகளால் காற்றைத் தள்ளும் சறுக்குத்தகட்டு வகையின் செயல்திறன் பாதிதான் என்று வைத்துக் கணக்கிடும்போது, அது 90 பாகையை நெருங்கி வெளிவருகிறது. சூடேறிய காற்று விரிவதால் உண்மையான எடைக் கூடுதல் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே நிற்கும். கார்புரேட்டர் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருப்பதால், பெட்ரோல் ஆவியாகும்போது கலவை ஓரளவு குளிர்கிறது. அது நமக்குக் கிடைக்கும் சலுகை. சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவதற்கே மூன்று, நான்கு குதிரைத்திறன் செலவாகிவிடும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

இனி மலைக்கு வருவோம். பீட்டிலின் விசிறி டைனமோவின் அச்சில் அமர்ந்து, கிராங்கிலிருந்து வரும் பெல்ட்டால் சுழல்கிறது. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பது தெரியாது. சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சின் ஏற்றத்தில் திணறும்போது நீங்களாகவே கியரைக் குறைத்துவிடுவீர்கள். சுழற்சி கூடும், விசிறிக் காற்றும் கூடும். சூப்பர்சார்ஜர் பொருத்திய பிறகு, அதே ஏற்றத்தை நான்காம் கியரிலேயே, குறைந்த சுழற்சியில், முழு ஆக்சிலரேட்டரில் ஏறிவிட முடியும் என்ற ஆசை வரும். எரிபொருள் கூடுதலாக எரிகிறது, வெப்பம் கூடுகிறது, காற்று மட்டும் கூடுவதில்லை. தண்ணீரால் குளிரும் எஞ்சினில் ரேடியேட்டர் தண்ணீர் சிறிது நேரம் இந்த வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். இங்கே அந்த இடைவெளி கிடையாது. ஆகவே சூப்பர்சார்ஜர் இருந்தாலும் ஏற்றத்தில் மூன்றாம் கியரில்தான் ஏற வேண்டும். லாரிகளுக்கு வழிவிடாமல் போகலாம், அவ்வளவே.

மூன்றாம் எண் சிலிண்டரைத் தனியாகக் கவனியுங்கள். ஆயில் கூலர் விசிறிக்கூட்டுக்குள்ளேயே நிற்பதால், அதைக் கடந்து ஏற்கெனவே சூடாகிவிட்ட காற்றுதான் அந்தச் சிலிண்டருக்குக் கிடைக்கிறது. இந்தக் குறையை ஃபோக்ஸ்வாகன் 1971ஆம் ஆண்டு மாடலில்தான் கூலரை வெளியே தள்ளிச் சரிசெய்தது. வெப்ப மீட்டரின் உணர்வளையத்தை மூன்றாம் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் வையுங்கள். அங்கே 200 பாகை செல்சியஸைத் தாண்டினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். எஞ்சினைச் சுற்றியுள்ள தகரத் தடுப்புகளும் ரப்பர் விளிம்புகளும் ஓட்டையின்றி இருக்க வேண்டும். பலர் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, ஒரு தகரத்தைப் போடாமல் விட்டு எஞ்சினைக் கெடுக்கிறார்கள்.

இக்னிஷன் டைமிங்கைப் பொறுத்தவரை, ஒவ்வொரு பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கும் ஸ்பார்க் முன்கூட்டியே விழும் அளவில் ஒரு பாகையைக் குறைப்பது பழைய வழக்கம், அதிலிருந்து தொடங்குங்கள். கிடைக்கும் பெட்ரோலில் ஆக்டேன் அதிகமானதையே ஊற்றுங்கள். கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை, அதாவது பெட்ரோல் செல்லும் முக்கியத் துளையை, பெரிதாக்க வேண்டும். முழு ஆக்சிலரேட்டரில் கலவை சற்றுச் செழிப்பாக, அதாவது பெட்ரோல் சற்றுக் கூடுதலாக, இருப்பதே நல்லது. நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானே வெடிப்பது) சத்தம் காதில் விழட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். இந்த விசிறியின் இரைச்சலில் அது விழாது.

பதில்: இரட்டைத்துளை

மேலே எழுதியவரின் கணக்கில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அந்தக் கணக்கே இந்த முயற்சிக்கு எதிரான சான்று என்று நினைக்கிறேன். மலையேற்றம்தான் நோக்கம் என்றால், பிற்காலத்து 1584 சி.சி. எஞ்சின் எந்தக் கூடுதல் அழுத்தமும் இல்லாமல் 50 குதிரைத்திறன் தருகிறது; ஜட்சன் பொருத்திய 1192 சி.சி. எஞ்சின் மிகவும் முயன்று தொடும் எல்லையில் அது இயல்பாக ஓடும். உங்கள் பழைய எஞ்சினைத் துடைத்து ஒரு மூலையில் பத்திரமாக வைத்துவிடலாம்.

மேலும், 1959 மாடலின் கியர்பெட்டி இரண்டு பாதிகளாகப் பிளந்து மூடும் பழைய வகை. முதல் கியருக்குச் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். இறக்கத்தில் இவை எப்படி நடந்துகொள்ளும் என்பதை முதலில் சோதியுங்கள். மலையில் ஏறியவர் இறங்கவும் வேண்டுமல்லவா?

கேள்வி கேட்டவர்: வண்டுக்காரன்

இருவருக்கும் நன்றி. 1584 சி.சி. யோசனை அறிவுக்குப் பொருந்துகிறது, மனம்தான் ஒப்பவில்லை. பிரேக்குகளை முன்னதாகவே புதுப்பித்துவிட்டேன். விடுபட்ட எண்ணெய்ப் புட்டி உண்மையிலேயே தேவைதானா, எஞ்சினிலிருந்து ஒரு குழாய் வழியாக எண்ணெய் எடுத்துக்கொள்ளலாமா என்பதை மட்டும் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: சறுக்குத்தகடு

ஐயா, புட்டி கட்டாயம் வேண்டும். ஜட்சனின் உள்ளே, மையம் விலகி அமைந்த உருளையின் காடிகளில் தகடுகள் நிற்கின்றன. உருளை சுழலும்போது அவை வெளிநோக்கி வீசப்பட்டுக் கூட்டின் உட்சுவரை உரசிக்கொண்டே ஓடுகின்றன. இந்த உரசலுக்கு எண்ணெய்ப் படலம் இல்லையென்றால் தகடு தேயும், விரிசல் விட்டு உடையும். உடைந்த துண்டு போவதற்கு எஞ்சினைத் தவிர வேறு இடம் இல்லை. எஞ்சின் எண்ணெயைக் குழாய் போட்டு எடுப்பது சரியாக வராது. அது தடிப்பானது, கரி கலந்தது. எஞ்சினில் இருப்பதும் இரண்டரை லிட்டர்தான். எஞ்சினுக்குக் கலவை செல்லும் இழுகுழாயின் வெற்றிடம் சொட்டுச் சொட்டாக உறிஞ்சும்படி, மெல்லிய மேல்சிலிண்டர் எண்ணெயைத் தனிப் புட்டியில் வைப்பதே முறை. மார்வெல் மிஸ்டரி ஆயிலைப் பலரும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அளவு மீறினால் பிளக் கரிபிடிப்பதோடு, கலவையில் சேரும் எண்ணெய் பெட்ரோலின் ஆக்டேனையும் குறைத்து நாக்கிங்கை வரவழைக்கும். ஆகவே ஊசித்திருகைத் திறப்பதில் தாராளம் வேண்டாம்.

பொருத்துவதற்கு முன் தகடுகளைக் கழற்றி, விரிசலோ வீக்கமோ இருக்கிறதா என்று பாருங்கள். காடியில் அவை தடையின்றி நழுவ வேண்டும். பல்லாண்டு பழைய கலப்புப்பொருள் தகடு எண்ணெயும் ஈரமும் குடித்துப் பருத்திருக்க வாய்ப்புண்டு.

வெப்ப மீட்டரை மட்டும் முதலில் பொருத்தி, சூப்பர்சார்ஜர் இல்லாமலே ஒருமுறை போகோனோ ஏறி, எந்த வளைவில் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்வதும் பயன்தரும். பின்னால் ஒப்பிடுவதற்கு அடித்தளம் அதுதான். கார்புரேட்டர் வழியே வரும் கலவை முழுவதும் சூப்பர்சார்ஜரைக் கடந்துதான் எஞ்சினை அடைகிறது என்பதால், அதன் பெல்ட் வழியில் அறுந்தால் எஞ்சின் மூச்சுமுட்டிப் போகும். மாற்று பெல்ட் ஒன்றையும் அதை மாட்டுவதற்குரிய ஸ்பேனரையும் எப்போதும் வண்டியில் வைத்திருங்கள்.