லிங்கன் சிலையில் ‘நாலு லைட்’: ஆவியா, கைபேசியா?

நிழல்வேட்டை: வாஷிங்டன் லிங்கன் நினைவகத்தில் சிலையின் பின்னந்தலை முடியைப் பாருங்க. உள்நாட்டுப் போரில் லிங்கன் தரப்பை எதிர்த்துப் போரிட்ட ஜெனரல் லீயின் முகம்! ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன் ஆர்லிங்டன் வீட்டைப் பார்த்துக்கிட்டிருக்கார். பேய் ஆய்வாளர்கள் காணொளியில் கே2 மீட்டரை (காந்தப்புலம் கூடக் கூட அஞ்சு லைட்டும் வரிசையா எரியும் கருவி) நீட்டினதும் நாலு லைட் எரியுது. அறிவாளிகள் வரலாம்.

பளிங்குப்பித்தன்: வந்தாச்சு. டேனியல் செஸ்டர் பிரெஞ்ச் வடிவமைச்சு, பிச்சிரில்லி சகோதரர்கள் 28 ஜார்ஜியா பளிங்குத் துண்டுகளில் செதுக்கின 19 அடிச் சிலை அது. சுருள்முடியின் மேடுபள்ளத்தில் வெளிச்சம் சாய்வா விழுந்தா மூக்கும் தாடியும் தெரியத்தான் செய்யும். கருகின தோசையிலும் தெரியும்.

நிழல்வேட்டை: முகத்தை விடுங்க சார். நாலு லைட்?

பளிங்குப்பித்தன்: நாலாவது லைட்டுன்னா 10 முதல் 20 மில்லிகாஸ் காந்தப்புலம். அந்த மீட்டர் வீட்டு வயரிங் பார்க்கச் செஞ்சது. ஒரே திசையில்தான் அளக்கும்; கையைத் திருப்பினாலே அளவு மாறும். பக்கத்தில் கைபேசி சிக்னல் தேடினாலும் லைட் குதிக்கும். முறைப்படி செய்யணும்னா எல்லாக் கைபேசியும் ஏரோபிளேன் மோடில், வாக்கி டாக்கி அணைச்சு, மீட்டரை ஸ்டாண்டில் வெச்சு 10 நிமிஷம் சும்மா விட்டு அடிப்படை அளவு எழுதணும். அப்புறம் மூணு திசையிலும் திருப்பி, அடி அடியா தள்ளிப்போய் அளக்கணும். தள்ளத் தள்ளக் குறைஞ்சா கிளம்பின இடத்துப் பக்கம் கரண்ட் ஓடுதுன்னு அர்த்தம். காணொளியில் மீட்டர் ஒரு கை, போன் மறு கை!

கொசுவத்தி: சிலையோட ரெண்டு கையும் சைகை மொழியில் ஏ, எல்னு (ஆபிரகாம் லிங்கனோட முதலெழுத்துகள்) சொல்றதா ஒரு பேச்சு இருக்கே?

பளிங்குப்பித்தன்: காதுகேளாதோருக்குப் பாடம் சொன்ன கேலாடெட்டுக்கும் பிரெஞ்ச்தான் சிலை செஞ்சார், அதில் வந்த ஊகம். நினைவகத்தைப் பராமரிக்கும் பூங்காத் துறை ஏத்துக்கலை. 1860-ல் சிற்பி வோல்க் எடுத்த லிங்கனோட கை அச்சு பிரெஞ்சுக்கு உதவியது. கைகுலுக்கிக் குலுக்கி வலது கை வீங்கியிருந்த நேரத்து அச்சு அது.

நிழல்வேட்டை: கை, கால்னு கதை வேண்டாம். நாலு லைட்!

பளிங்குப்பித்தன்: பேய் முகம்தானே வேணும்? 1922 திறப்புக்கு அப்புறம் வாசல் பக்கமிருந்து தரையில் பட்டுத் தெறிச்ச வெளிச்சம் கீழேயிருந்து முகத்தில் அடிச்சு, லிங்கன் மிரண்டுபோன மாதிரி தெரிஞ்சார். செஞ்சவரே பதறிட்டார். மேலிருந்து மின்விளக்கு போட்டதும் ‘ஆவி’ போயிடுச்சு. உங்க ஆளுங்க டார்ச்சை மோவாய்க்குக் கீழே பிடிக்கிறது அதே வித்தைதான்.

நிழல்வேட்டை: போன இழையில் புகைப்படக்காரர் மம்லர் எடுத்த லிங்கன் ஆவிப் படத்தையும் இப்படித்தான் நக்கல் பண்ணினீங்க. 1869-ல் மோசடி வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் அவரை விட்டுடுச்சு. ஞாபகம் இருக்கா?

கொசுவத்தி: அந்தப் படம் வழக்குக்கு அப்புறம் எடுத்ததுப்பா. அந்த விடுதலை இதுக்குச் செல்லாது.

பளிங்குப்பித்தன்: ஏமாத்தினதை நிரூபிக்க முடியலைன்னு விட்டாங்க, ஆவி இருக்குன்னு தீர்ப்பெழுதலை. முன்னாடியே உருவம் பதிஞ்ச கண்ணாடித் தகடு ஒண்ணு போதும், பின்னால் நிக்கிறவர் மங்கலா வந்துடுவார்.

நிழல்வேட்டை: திரும்பவும் தப்பிக்கிறீங்க. நாலு லைட்டுக்குப் பதில் இன்னும் வரலை.

பளிங்குப்பித்தன்: என் ரெண்டாவது பதிவில் இருக்கு. படிக்க மீட்டர் வேண்டாம்.

நிழல்வேட்டை: இந்தத் திமிருக்குத்தான் உங்க இழையில் யாரும் எழுதுறதில்லை.

கொசுவத்தி: நாலா, அஞ்சா? கடைசி லைட்டும் ஒரு தடவை மின்னின மாதிரி இருந்துச்சே…