கடலூர், பாண்டி பக்கம் ஸ்கேட்டிங் ஓட்ட எங்கே போவது?

திருப்பாப்புலியூர் அப்பா:
மகளுக்கு ஒன்பது வயது. பள்ளியில் ஸ்கேட்டிங் வகுப்பு என்று இன்லைன் ஷூ (சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும் ஷூ) வாங்க வைத்தார்கள். பாதி வருஷத்தில் மாஸ்டர் வருவதை நிறுத்திவிட்டார், ஷூ மட்டும் மிச்சம். இப்போது வராந்தாவில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறாள். டைல்ஸில் கீறல் விழுகிறது என்று ஹவுஸ் ஓனர் முறைக்கிறார். கடலூரிலோ பாண்டியிலோ நல்ல இடம் சொல்லுங்கள். அக்கா மகன் வேறு ஸ்கேட்போர்டு வாங்கி வைத்திருக்கிறான், அவனுக்கும் சேர்த்து. அப்புறம், யூடியூப் பார்த்துவிட்டு ஐஸ் ஸ்கேட்டிங் போகணும் என்கிறாள். நம்ம பக்கம் இருக்கிறதா?

தேவனாம்பட்டினம் தம்பி:
சில்வர் பீச் ரோடு இருக்கே சார். காலையில் காலியாகத்தான் கிடக்கும்.

முத்தியால்பேட்டை அக்கா:
தம்பி சொல்வது நடக்கத்தான் சரி. சில்வர் பீச்சில் காற்று மணலை ரோட்டில் கொண்டுவந்து போட்டுவிடும். மெல்லிசாகப் படர்ந்திருப்பது கண்ணுக்கே தெரியாது. சக்கரம் வழுக்கும், போதாக்குறைக்கு அதைச் சுழலவைக்கும் பேரிங்கிலும் மணல் ஏறும்.

நான் கல்யாணத்துக்கு அப்புறம்தான் இன்லைன் கற்றுக்கொண்டேன். என் ஓட்டு பாண்டி பீச் ரோட்டுக்குத்தான். மாலை 6 மணியிலிருந்து காலை 7:30 வரை அங்கே வண்டி விடமாட்டார்கள். கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர், மேடு பள்ளம் கிடையாது. ஆனால் சாயங்காலம் கூட்டிக்கொண்டு வராதீர்கள். காந்தி சிலை பக்கம் பலூன்காரர், சுண்டல்காரர், ஓடுகிற வாண்டுகள் என்று திருவிழா மாதிரி இருக்கும். ஐந்து மணிக்குக் கடலூரில் பைக்கை எடுத்தால் விடிகிற நேரத்துக்கு வந்துவிடலாம். தெற்கே டூப்ளே சிலைப் பக்கம் ஆரம்பியுங்கள். நடக்கிறவர்கள் நாலு பேராகக் கைகோத்து வருவார்கள், நாம்தான் ஒதுங்க வேண்டும். அவர்களுக்குப் பின்னால் வேகமாகப் போவது மகா பாவம்.

ஒயிட் டவுன் தெருக்கள் போட்டோவுக்கு அழகு. ஆனால் பேவர் பிளாக் வந்ததும் முட்டி வரைக்கும் அதிரும். ஒவ்வொரு இணைப்பிலும் கடகடவென்று பல் ஆடும். நல்ல தார் ரோடாக இருந்தாலும் எனக்கு பயம் ஜல்லிதான். கடலை அளவு ஜல்லி ஒன்று முன் சக்கரத்துக்கு அடியில் மாட்டினால் போதும், சக்கரம் அப்படியே நிற்கும், நாம் நிற்க மாட்டோம். அதனால் ஹெல்மெட்டை விட ஒருபடி மேலாக மணிக்கட்டு கார்டு மாட்டச் சொல்வேன். விழும்போது முதலில் கைதான் போகும்.

சக்கரத்தில் ஒரு எண் இருக்கும் பாருங்கள், 85ஏ மாதிரி. அது சக்கரத்தின் கடினம். எண் குறைந்தால் மெத்து. ரோட்டுக்கு 82 முதல் 85 போதும். உங்கள் அக்கா மகனின் போர்டில் 99ஏ இருந்தால் நம் ரோட்டில் தடதடக்கத்தான் செய்யும். 60 மில்லிமீட்டருக்கு மேல், 78ஏ பக்கத்தில் உள்ள சக்கரம் மாற்றினால் பீச் ரோட்டில் ஓட்டலாம். தாவுவது, கம்பியில் வழுக்குவது எல்லாம் பழக ஆசைப்பட்டால் ஈசிஆரில் கோவளத்துக்குத்தான் போகணும். அங்கே ஸ்கேட்பார்க் இருக்கிறது. நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும்.

ஐஸ் நம்ம பக்கம் கிடையாதுங்க. சிம்லாவில் 1920 முதல் திறந்தவெளி ரிங்க், அதாவது ஐஸ் ஸ்கேட்டிங் தளம், இருக்கிறது. குளிர்காலத்தில் தண்ணீர் தானாக உறைந்தால்தான் ஓட்ட முடியும். டேராடூனில் 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காகக் கூரை போட்ட ரிங்க் கட்டினார்கள். பாப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: ஐஸிலும் இன்லைனிலும் காலைப் பக்கவாட்டில் தள்ளிப் போகும் முறை ஒன்றுதான். நிறுத்துவது மட்டும் வேறு. ஐஸில் ஷூவுக்கு அடியில் இருக்கும் கத்தியைக் குறுக்கே திருப்பினால் சீவிக்கொண்டு நிற்கும், இங்கே குதிகால் பிரேக். சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 உலக சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டர் தங்கம் வாங்கியது இன்லைனில்தான். ஐஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை, இது கைவந்தால் அங்கே பாதி வேலை முடிந்த மாதிரி.

திருப்பாப்புலியூர் அப்பா:
ரொம்ப நன்றி அக்கா. ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். ஒரு சக்கரம் சுற்றும்போது கரகரவென்கிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

முத்தியால்பேட்டை அக்கா:
ஐயோ, வேண்டாம். பிசுபிசுத்து இன்னும் மண்ணை இழுக்கும். பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, நன்றாகக் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். அப்பவும் கரகரத்தால் உள்ளே துரு. உப்புக்காற்று ஊரில் அது சகஜம். பேரிங் கடையில் 608 என்று கேட்டால் கொடுப்பார்கள், உள்வட்டம் 8 மில்லிமீட்டர், வெளிவட்டம் 22. பழசையும் கையோடு எடுத்துப் போங்கள்.

தேவனாம்பட்டினம் தம்பி:
சார், அண்ணா ஸ்டேடியத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேளுங்கள். வகுப்பு ஏதாவது நடந்தால் அவர்களுக்குத் தெரியும். ஓட்டப் பாதையில் மட்டும் ஷூவோடு ஏறிவிடாதீர்கள், வாட்ச்மேன் விசிலடிப்பார்.