காய்ச்சல் வந்தாதான் ஊசி புடிச்சுதுன்னு அர்த்தமா? வலியில்லா ஊசி பஞ்சாயத்து

நிலாஅம்மா: "குழந்தைக்கு காய்ச்சல் வரலைன்னா ஊசி புடிக்கல, வலியில்லா ஊசி போட்டவங்க காசை தண்டம் பண்ணிட்டீங்க"ன்னு நேத்து ஒருத்தர் இங்க எழுதியிருந்தாரு. படிச்சதுலேர்ந்து எரிச்சலா வருது. என் பையனுக்கு ஒன்றரை, ரெண்டரை, மூன்றரை மாசத்துல கக்குவான் இருமலுக்கும் சேத்துப் போடுற ஊசி மூணு டோஸும் ப்ரைவேட்ல வலியில்லா ஊசிதான், ஒரு தடவைகூட உடம்பு சுடல. அப்ப அவனுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லையா?

பார்மசிக்காரன்: எழுதினது நான்தான் மேடம், இப்பவும் அதையேதான் சொல்றேன். அஞ்சு நோய்க்கு ஒண்ணா போடுற கவர்மென்ட் பென்டா ஊசில கக்குவான் கிருமியை கொன்னு முழுசா அப்படியே வச்சிருக்காங்க, அதைப் பாத்ததும் உடம்பு மொத்தமா கெளம்புது, தொடை வீங்குது, காய்ச்சல் அடிக்குது. உங்க வலியில்லா ஊசில அந்தக் கிருமியோட சில புரதத்தை மட்டும் பிரிச்சு எடுத்துப் போடுறான், அதான் குழந்தை அழல. அமெரிக்காக்காரன் 1990கள்ல அதுக்கு மாறினான், 2012ல 48,000 பேருக்கு மேல கக்குவான் இருமல். போதுமா?

வைகைக்கரை: சார் நீங்க சொன்னது ஊசியோட வித்தியாசம். கேட்டது காய்ச்சலப் பத்தி. என் ரெண்டு பொண்ணுக்கும் புதன்கிழமை பிஎச்சில (ஆரம்ப சுகாதார நிலையத்துல) போட்ட அதே பென்டாதான், மூத்தவ ராத்திரி பூரா அனத்தினா, சின்னவ பாலைக் குடிச்சிட்டு தூங்கிட்டா. சின்னவளுக்கு புடிக்கலையா?

பார்மசிக்காரன்: ரெண்டு குழந்தைய வச்சு சட்டம் போடாதீங்க தம்பி. ஊசி போட்டதும் காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே பாரசிட்டமால் குடுத்த குழந்தைங்களுக்கு, கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்குற எதிர்ப்பொருள் கம்மியா வந்துச்சுன்னு 2009ல செக் நாட்டு ஆய்வு லான்செட் மருத்துவ இதழ்லயே வந்திருக்கு. காய்ச்சலை அமுக்கினா ஊசியும் அமுங்குது. இருபது வருஷமா மருந்துக்கு நடுவுல நிக்கிறவன் நான்.

வைகைக்கரை: அதே ஆய்வுல, கம்மியா வந்தாலும் பெரும்பாலான குழந்தைங்களுக்கு காப்பாத்துற அளவுக்கு இருந்துச்சுன்னும் இருக்கு, அதை ஏன் முழுங்கிட்டீங்க? காய்ச்சல்ங்கிறது பக்க விளைவு. உள்ள எதிர்ப்பொருள் உருவாகுறதுக்கும் கிருமியை ஞாபகம் வச்சுக்கிற செல்லு தயாராகுறதுக்கும் உடம்பு சுடணும்னு கட்டாயமே இல்ல. காசநோய்க்குப் போடுற பிசிஜி ஊசில தழும்பு வரலைன்னாகூட திரும்பப் போடத் தேவையில்லன்னு உலக சுகாதார நிறுவனம் 2018லயே சொல்லிடுச்சு.

பார்மசிக்காரன்: நான் பேசுறது காய்ச்சல், நீங்க தழும்புக்குப் போறீங்க.

மூலிகைச்சித்தன்: எந்த ஊசியும் வேணாம், எங்க காலத்துல நிலவேம்பு குடிச்சே வளர்ந்தோம்.

நிலாஅம்மா: ஐயா உங்க காலத்துல கக்குவான்ல போன குழந்தைங்க இங்க வந்து எழுத மாட்டாங்க. ரெண்டு மாசக் குழந்தைக்கு இருமக்கூட தெம்பு இருக்காது, மூச்சு நின்னு உதடு நீலம் பாரிச்சிடும். தயவுசெஞ்சு வேற இடம் பாருங்க.

சேலத்துக்காரி: பார்மசி அண்ணன் இங்க ஊசிக்கு பாடம் எடுக்குறாரு. போன மாசம் சாதா சளிக்கு அஸித்ரோமைசின் மூணு நாள் போடுங்கன்னு சொன்னது யாரு? வைரஸ் சளிக்கு அது என்னத்த கேக்கும்?

பார்மசிக்காரன்: அந்தப் பஞ்சாயத்த இங்க இழுக்காதீங்க, அங்க நான் சொன்னது நெஞ்சுச்சளி. உங்களுக்கு என்மேல இருக்கிற கடுப்பு எனக்கு தெரியும். முதல் மூணு டோஸுக்கு முழுக்கிருமி ஊசிதான் நல்லதுன்னு குழந்தை டாக்டருங்க சங்கமே 2013ல சொல்லுச்சு, அத மறுக்க முடியுமா யாராலயாவது?

வைகைக்கரை: அத இங்க யாருமே மறுக்கல சார்! புரத ஊசியோட பாதுகாப்பு சீக்கிரம் கொறையும், பூஸ்டரை விடக்கூடாது, ஒத்துக்கிறேன். காய்ச்சல் வராட்டி ஊசி புடிக்கலன்னு எந்த டாக்டர் சங்கம் சொல்லுச்சு? அத மட்டும் காட்டுங்க.

பார்மசிக்காரன்: அனுபவத்துல சொல்றேன். காய்ச்சல் வந்தாதான்.

நிலாஅம்மா: காய்ச்சல் காய்ச்சல்னு இதோட எத்தனை தடவை சொல்லிட்டீங்க, ஒரு ஆதாரம் வரல. ப்ரைவேட்ல போட்டாங்கங்கிற வயித்தெரிச்சல்தான் பேசுது.

பார்மசிக்காரன்: வயித்தெரிச்சலா? பிஎச்சில சும்மா கிடைக்குறதுக்கு ஆயிரக்கணக்குல கொட்டிட்டு வந்து என்னைச் சொல்றீங்க. 2010ல கலிபோர்னியாவுல பத்து பச்சைக்குழந்தை கக்குவான்ல செத்துச்சு, போய் படிங்க.

வைகைக்கரை: அதுல பாதிக்கு மேல முதல் ஊசி போடுற வயசே வராத குழந்தைங்க சார், அதையும் சேத்து படிங்க.