ஐந்தால் பெருக்கினால் நான்கு எப்படி வரும்?

பழைய ஃபோர்மேன்:
11 கிலோவோல்ட் லைனில் வேலை செய்வதன் இடர் மதிப்பெண் 20 என்றும், லைன் கிளியர் (மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்ற அனுமதி) வாங்கி, கம்பியை நிலத்தோடு இணைக்கும் எர்த் ராடு போட்டுவிட்டால் அது 4 ஆகிவிடும் என்றும் பாதுகாப்புப் பொறியாளர் நேற்று இங்கே எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. வாய்ப்புக்கு ஐந்துவரை ஓர் எண், கடுமைக்கு ஐந்துவரை ஓர் எண், இரண்டையும் பெருக்குவதுதான் அவருடைய கணக்கு. கம்பியில் கரண்ட் இருந்தால் விளைவு மரணம், அதாவது 5. எர்த் ராடு வாய்ப்பைத்தானே குறைக்கும்? ஐந்தை ஒன்றால் பெருக்கினாலும் 5 வருமே, 4 எங்கிருந்து வந்தது? முப்பத்தொரு ஆண்டுகள் கம்பத்தில் ஏறியவன் கேட்கிறேன்.

பாதுகாப்புப் பொறியாளர்:
ஃபோர்மேன் அவர்களே, கம்பம் ஏறுவது வேறு, இடர் மதிப்பீடு வேறு. எர்த் செய்த கம்பியில் தவறுதலாக மின்சாரம் வந்தால் அது நிலத்தில் இறங்கிவிடும், துணைமின் நிலையத்தில் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் பிரேக்கரும் விழுந்துவிடும். ஆகவே கடுமையும் குறைகிறது. எங்கள் அட்டவணையில் 5 என்பது மரணம், 4 என்பது நிரந்தர ஊனம். நான்கை ஒன்றால் பெருக்கினால் நான்கு.

பழைய ஃபோர்மேன்:
கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரை, லைனிலிருந்து பிரித்து மாற்றிவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைத்திருந்தால், அந்த மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரில் பின்பக்கமாக ஏறி 11 கிலோவோல்ட்டாகவே லைனுக்கு வருமே, அதற்கு எந்தத் துணைமின் நிலையத்துப் பிரேக்கர் விழும், பொறியாளர் ஐயா?

பாதுகாப்புப் பொறியாளர்:
அதனால்தான் வேலை செய்யும் இடத்துக்கு இருபுறமும் எர்த் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. விதியை மீறிவிட்டு அட்டவணையைக் குறை சொல்வது சரியல்ல. 88 விழுக்காடு விபத்துகளுக்குத் தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயலே காரணம் என்று அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர் ஹெய்ன்ரிச் 1931-லேயே எழுதிவிட்டார்.

சங்கக்காரன்:
ஹெய்ன்ரிச் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர், தோழர். இழப்பீட்டுக் கோப்புகளையும் முதலாளிகள் வைத்திருந்த பதிவேடுகளையும் வைத்து அந்த 88-ஐ எடுத்தார். முதலாளி எழுதி வைத்த பதிவேட்டில் முதலாளியின் தவறு எப்படி இருக்கும்? பாதுகாப்பு ஏற்பாடுகளின் வரிசையில் ஆபத்தை அறவே நீக்குவது முதல் படி, கையுறையும் ஹெல்மெட்டும் கடைசிப் படி. நம் நிறுவனங்களோ கடைசிப் படியிலிருந்து தொடங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டன. 1988-இல் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய்த் தளத்தில் 167 பேர் இறந்தார்கள். பகல் ஷிஃப்ட்டில் ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்தார்கள், அந்தச் செய்தி இரவு ஷிஃப்ட்டுக்குப் போய்ச் சேரவில்லை. நம் லைன் கிளியரைப் போல அங்கும் பணி அனுமதிச் சீட்டு இருக்கத்தான் செய்தது.

பழைய ஃபோர்மேன்:
சங்கக்காரரே, வடகடலுக்குப் பிறகு போகலாம், முதலில் நான்குக்கு வாருங்கள். இருபுறமும் எர்த் செய்ய வேண்டும் என்கிறார். நான் வேலை பார்த்த ஒரு பிரிவில் பதிவேட்டின்படி மூன்று செட் எர்த் ராடு இருந்தது. ஒன்றில் கிளாம்ப்பின் திருகு தேய்ந்து, சணலால் கட்டியிருந்தோம். இன்னொன்று பக்கத்துப் பிரிவுக்கு இரவல் போய்த் திரும்பவே இல்லை. மீதி ஒரே ஒரு செட்டை இருபுறமும் எப்படிப் போடுவது என்பதற்கு உங்கள் அட்டவணையில் கட்டம் இருக்கிறதா?

பாதுகாப்புப் பொறியாளர்:
அப்படியானால் நீங்கள் அன்றே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். போன வருடம் கையுறை விவாதத்திலும் இதே போலத்தான் கதை சொன்னீர்கள், ஆதாரம் கேட்டதும் காணாமல் போனீர்கள்.

பழைய ஃபோர்மேன்:
காணாமல் போகவில்லை, கண் அறுவை சிகிச்சைக்குப் போயிருந்தேன். எழுத்தில் தெரிவித்தவனுக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள்: பொருளைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று ஒரு மெமோ.

சின்ன வயர்மேன்:
அண்ணன் சொல்வது உண்மை. எங்கள் அலுவலகத்தில் நூலிழையில் தப்பிய நிகழ்வுகளுக்கென்று ஒரு பதிவேடு இருக்கிறது, மாதம் தவறாமல் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். போன மழைக்காலத்தில் லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்ச்சின் மூன்று கத்திகளில் ஒன்று திறக்காமல் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கீழே நின்று பார்த்தவன் நான். அந்த மாதமும் ‘இல்லை’தான்.

பாதுகாப்புப் பொறியாளர்:
கண்ணால் பார்த்தும் பதியாதது யாருடைய தவறு? இதைத்தான் பாதுகாப்பற்ற செயல் என்கிறோம்.

சங்கக்காரன்:
இரண்டு நாள் பயிற்சியில் வாங்கிய சான்றிதழை வைத்துக்கொண்டு ஒப்பந்தத் தொழிலாளியின் பயத்தைத் தவறு என்கிறீர்கள்.

பாதுகாப்புப் பொறியாளர்:
ஐந்து நாள் பயிற்சி.

பழைய ஃபோர்மேன்:
ஐந்து நாளும் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லித்தரவில்லை போலும்.

பாதுகாப்புப் பொறியாளர்:
தனிநபர் தாக்குதலுக்கு நான் பதில் சொல்வதில்லை. 4 என்றாலும் 5 என்றாலும் இரண்டும் பச்சைக் கட்டம்தான், ஆகவே நடைமுறையில் எந்த வேறுபாடும் இல்லை. அட்டவணை தலைமையகத்தில் ஒப்புதல் பெற்றது, மாறாது.

பழைய ஃபோர்மேன்:
வேறுபாடு இருக்கிறது, ஐயா. 5 என்று எழுதியிருந்தால், பச்சைக் கட்டத்திலும் ஆள் சாகலாம் என்று கம்பத்தடியில் நிற்கும் பையனுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் 4 அவனுக்கு அதிகபட்சம் ஊனம் என்கிறது. சணல் கட்டிய அந்தக் கிளாம்ப்புக்கும் அதே 4 தானா என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

பாதுகாப்புப் பொறியாளர்:
ஏற்கெனவே சொல்லிவிட்டேன். மேலே படியுங்கள்.

பழைய ஃபோர்மேன்:
இரண்டு முறை படித்துவிட்டேன், அங்கே பதில் இல்லை. நாளைக் காலையில் மறுபடி கேட்பேன்.