போனில் மட்டும் குடும்ப டிஎன்எஸ் நிற்கவில்லை, வழி சொல்லுங்கள்

திருவையாறு பக்கம் வீடு, கேபிள்காரர் கொடுத்த ஃபைபர் இணைப்பு. பிள்ளைகள் பார்க்கக்கூடாத தளங்களைத் தடுக்க, பொங்கல் லீவில் மோடத்தின் டிஹெச்சிபி (வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும்) பக்கத்தில் கிளவுட்ஃபிளேரின் குடும்ப டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக்கும் சேவை, ஆபாசத் தளங்களைத் தடுக்கும்) முகவரிகளான 1.1.1.3, 1.0.0.3 போட்டேன். லேப்டாப்பில் அடைபட்டது. ஆண்ட்ராய்டு போன்களில் இன்றுவரை எல்லாம் தாராளமாகத் திறக்கிறது.

மாடியில் டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6, ஆக்சஸ் பாயிண்ட்டாக (மோடத்தின் இணைப்பை வைஃபையாகக் கொடுக்க மட்டும்) ஓடுகிறது. அந்த வைஃபையிலும் அதே கதை. போனில் பிரைவேட் டிஎன்எஸ், மொபைல் டேட்டா, குரோமின் செக்யூர் டிஎன்எஸ் மூன்றையும் அணைத்தாயிற்று. ரீஸ்டார்ட் செய்யச் சொல்லாதீர்கள், அதை எங்கள் ஊர் கரண்டே பார்த்துக்கொள்கிறது.

சந்தேகம் ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி முறை) மேல்தான். லேப்டாப்பில் அது அணைந்திருக்கிறது. போனின் வைஃபை விவரத்திலோ வேறொரு ஐபிவி6 டிஎன்எஸ் முகவரி தெரிகிறது. மோடத்தில் ஐபிவி6 அமைப்புப் பக்கம் பூட்டு, பாஸ்வேர்டு கேபிள்காரரிடம். கேட்டால் தரமாட்டேன் என்கிறார்.

மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) மாற்றச் சொல்லி, ஆர்ச்சரை ரவுட்டராக்கி அதில் ஐபிவி6-ஐ அணைத்தால் போன்களிலும் தடுப்பு வேலை செய்யுமா?